தாம்பரம் மாநாடு (1938)

பன்னாட்டு மிஷனரி மன்றத்தின் உலகக் கூட்டம். 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், ஜான் மாட் தலைமையில் நடந்தது. முந்தைய ஆண்டுதான் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே குடிபெயர்ந்திருந்தது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து சுமார் 470 பேர் வந்தனர்.

முதலில் குறிக்கப்பட்ட இடம் சீனாவின் ஹாங்சோ. 1937இல் ஜப்பான் படையெடுத்ததால் கூட்டம் தாம்பரத்துக்கு மாறியது. அந்த இரு நாட்டுக் கிறித்தவர்களும் இங்கே ஒரே மாநாட்டில் உட்கார்ந்தார்கள். மாநாட்டில் நடந்த இறையியல் விவாதங்களைவிட இதுவே பெரிய செய்தி என்று சொல்லலாம்.

சீனக் குழுவை வழிநடத்திய வூ யீஃபாங், நான்ஜிங் ஜின்லிங் மகளிர் கல்லூரியின் தலைவர். முந்தைய குளிர்காலத்தில் ஜப்பானியப் படை அந்நகரைச் சூறையாடியபோது, அவருடைய சக ஆசிரியை மின்னி வாட்ரின் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அக்கல்லூரி வளாகத்தில் அடைக்கலம் கொடுத்திருந்தார்.

ஜப்பானியரில் முக்கியமானவர் டொயோஹிகோ ககாவா. கோபே சேரியில் ஏழைகளோடு வாழ்ந்தவர். தன் நாட்டின் ஆக்கிரமிப்புக்காகச் சீனர்களிடம் எழுத்திலேயே மன்னிப்புக் கேட்டவர். அதற்குத் துணிச்சல் வேண்டும்!

மாநாடு முடிந்ததும் ககாவா 1939 ஜனவரியில் காந்தியைச் சந்தித்தார். 1940இல் போர் எதிர்ப்புக் கருத்துகளுக்காக ஜப்பானில் கைதானார்.