புகைமூட்டமும் எச்சரிக்கை விளக்கும்: மோட்டார் வாகனக் குறியீடுகளின் வரலாறு

மோட்டார் வாகனத்தின் முகப்பிலே திடீரென ஒளிரும் மஞ்சள் விளக்கு உரிமையாளரைத் திகைக்க வைக்கிறது. சிலர் உடனே கராஜை நாடுகின்றனர். வேறு சிலர் குறியீடு வாசிக்கும் சிறு கருவியை இணைத்து, வீட்டு முற்றத்திலேயே பழுதைக் கண்டறிய முற்படுகின்றனர். இயந்திரத்தின் நலனுக்காகவே இவ்விளக்கு பொருத்தப்பட்டது என இரு சாராரும் கருதுவர். ஆயினும் அதன் வரலாறு மனிதரின் கண்ணெரிவிலிருந்தே தொடங்குகிறது என்பது நோக்கத்தக்கது.

1943 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை அடர்ந்த புகைமூட்டம் சூழ்ந்தது. கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. அது போர்க்காலமாதலின், யப்பானியர் நச்சுவாயு வீசிவிட்டனரோ என அஞ்சியோரும் இருந்தனர். பின்னர் செயற்கை றப்பருக்கான மூலப்பொருளை உற்பத்தி செய்த தொழிற்சாலையொன்றின் மீது பழி சுமத்தப்பட்டது. அதன் வேலை நிறுத்தப்பட்ட பின்னரும் புகைமூட்டம் அகலவில்லை.

உண்மைக் காரணத்தை வெளிப்படுத்தியவர், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஒல்லாந்து நாட்டவரான ஏரி ஹாகன்ஸ்மிற் என்னும் உயிர் இரசாயனவியலாளர் ஆவார். வாகனப் புகையிலும் எண்ணெய் ஆவியிலுமுள்ள ஐதரோகாபன்கள், நைதரசன் ஒட்சைட்டுகளோடு சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனை உருவாக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். குற்றவாளி ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்ற மோட்டார் காரே என்பதை மக்கள் எளிதில் ஏற்கவில்லை. எனினும் 1967 இல் கலிபோர்னியாவில் வளிமண்டல வளச் சபை அமைக்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராக அவரே நியமிக்கப்பட்டார்.

1970 ஆம் ஆண்டின் தூய வளிச் சட்டம் வாகனப் புகையின் மாசுகளைப் பத்தில் ஒன்பது பங்கு குறைக்குமாறு உற்பத்தியாளருக்குக் கட்டளையிட்டது. இதற்கு விடையாக வந்ததே புகைக்குழாயிற் பொருத்தப்படும் ஊக்கி மாற்றியாகும். ஐதரோகாபன், காபனோரொட்சைட்டு, நைதரசன் ஒட்சைட்டு ஆகிய மூன்றையும் ஒருங்கே நீக்கும் ஊக்கி செவ்வனே இயங்குவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறைப்படி ஏறத்தாழ 14.7 பங்கு வளி என்னும் விகிதம் இடையறாது பேணப்படல் வேண்டும். மனிதக் கையோ பழைய காபுரேற்றரோ இதனைச் செய்யவியலாது.

இவ்விடத்திலேதான் ஒட்சிசன் உணரி வரலாற்றில் நுழைகிறது. பொஷ் நிறுவனம் 1976 இல் இதன் உற்பத்தியைத் தொடங்கியது. கலிபோர்னியாவிற்கென அனுப்பப்பட்ட வொல்வோ கார்களில் இது முதலிற் பொருத்தப்பட்டது. புகையில் ஒட்சிசன் குறைந்தால், அதாவது கலவையில் எரிபொருள் மிகுந்தால், உணரி ஏறத்தாழ 0.9 வோல்ற்று காட்டும். ஒட்சிசன் மிகுந்தால் அது 0.1 வோல்ற்றுக்கு இறங்கும். இச்சிறு மின்னழுத்தத்தைக் கணினி வாசித்து எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் வந்தது.

கணினி நுழைந்ததும் பழுது கண்ணுக்குப் புலப்படாததாயிற்று. ஆகவே கணினியே தன் ஐயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. 1980களில் ஜெனரல் மோட்டர்ஸ் வாகனங்களிலே இணைப்பானின் இரு முனைகளைச் சிறு கம்பித் துண்டால் தொடுத்து, இயந்திரத்தை இயக்காது சாவியை மட்டும் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு கண் சிமிட்டும். நான்கு சிமிட்டல், சிறு இடைவெளி, மீண்டும் நான்கு சிமிட்டல் எனின் அது 44 ஆம் குறியீடு: புகையில் ஒட்சிசன் மிகை. கம்பித் துண்டொன்றே வீட்டுப் பழுதுபார்ப்போனின் கருவியாய் இருந்த காலம் அது.

ஆயினும் குறியீடுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. 1988 ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் வாகனத்துள்ளேயே நோயறி முறை அமைதல் வேண்டுமெனக் கலிபோர்னியா விதித்தது. அதன் இரண்டாம் கட்டம் 1996 இல் ஐக்கிய அமெரிக்கா முழுவதற்கும் உரியதாயிற்று. பதினாறு முனை கொண்ட ஒரே இணைப்பானும் பொதுவான குறியீடுகளும் வந்தன. பழுது கண்டறியத் தேவையான தகவலைச் சுதந்திரக் கராஜ்களுக்கும் வழங்குமாறு 1990 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பணித்தது. 2012 இல் மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் பழுதுபார்க்கும் உரிமையை வாக்களித்து நிலைநாட்டினர். எனவே முற்றத்தில் நின்று குறியீட்டை வாசிப்பவர் அனுபவிப்பது, சட்டத்தினாலும் வாக்குச்சீட்டினாலும் பெற்ற உரிமையாகும்.

உரிமை கிடைத்தமையால் அறிவும் கிடைத்துவிட்டதெனல் பொருந்தாது. பி0171 என்னும் குறியீடு கலவையில் எரிபொருள் குறைவு என்கிறது. அதனைக் கண்டதும் ஒட்சிசன் உணரியைக் கழற்றி எறிந்து புதியது வாங்குவோர் பலர். உண்மையிலே வெடித்த வளிக்குழாய், அழுக்கேறிய வளியளவி, குன்றிய எரிபொருள் அமுக்கம் ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். பழைய வகை உணரியாயின், பல்மானியொன்றை இணைத்துக் கலவையில் எரிபொருளைச் சற்று மிகுவித்துப் பார்க்கலாம். வோல்ற்றளவு உடனே உயருமாயின் உணரி நலமாயுள்ளது. அது உண்மையையே கூறியிருக்கிறது. அதனை மாற்றுதல் சாட்சியைத் தண்டித்துக் குற்றவாளியை விடுவித்தலை ஒக்கும். குறியீடு சாட்சியமேயன்றித் தீர்ப்பன்று.

அச்சாட்சியமும் பொய்க்கக்கூடும் என்பதை 2015 உணர்த்தியது. வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்கள், தாம் பரிசோதனைக்குள்ளாகும் வேளையை அறிந்து அப்போது மட்டும் மாசைக் கட்டுப்படுத்துமாறு நிரலிடப்பட்டிருந்தமை அவ்வாண்டில் அம்பலமாயிற்று. வீதியிலோ நைதரசன் ஒட்சைட்டுகள் அனுமதிக்கப்பட்ட அளவின் 40 மடங்கு வரை வெளியேறின. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் இந்நிரல் இருந்தது. எச்சரிக்கை விளக்கு இதனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஓடும் வாகனத்தின் புகையை நேரே அளந்த மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளரின் முடிவுகளே ஐயத்துக்கு வித்திட்டன.

ஹாகன்ஸ்மிற் பிறர் கூறிய குற்றவாளியை ஏற்றுக்கொள்ளாது வளியையே ஆராய்ந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின்வந்த ஆய்வாளரும் கணினியின் கூற்றை ஏற்காது புகையையே அளந்தனர். வீட்டு முற்றத்தில் பல்மானியோடு குனிந்து நிற்பவரும், அளவிற் சிறியதாயினும், அவ்வழியையே பின்பற்றுகிறார். விளக்கு ஒளிர்வது விசாரணையின் தொடக்கம்; அதனை அணைப்பது மட்டும் அதன் முடிவாகாது.