தக்கையின் கதை: அரிக்கமேட்டு ஜாடி முதல் வீட்டு ஒயின் வரை

புதுச்சேரியின் வடக்கு எல்லையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது கனகசெட்டிக்குளம். மீனவர்கள் வாழும் இந்த மாதிரி ஊரில் 'தக்கை' என்றால் மீன்வலையில் கட்டும் மிதவைதான் முதலில் நினைவுக்கு வரும். அதே சாலையில் தெற்கே நகரத்துக்குள் போய்விட்டால் தக்கை என்பது ஒயின் பாட்டிலின் வாயை அடைக்கும் கார்க். ஒரே சொல், இரண்டு வேலை. இது தற்செயல் அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, கார்க் மரப்பட்டையின் பயன்களை வரிசையாகச் சொல்கிறார்: நங்கூரக் கயிற்றின் மிதவை, மீன்வலை, ஜாடி மூடி, பெண்கள் குளிர்காலத்தில் அணியும் செருப்பு. நீர் உள்ளே புகாத, லேசான, அழுத்தினால் சுருங்கி மறுபடி விரியும் பட்டை என்பதால்தான் இத்தனை வேலைக்கும் அது பயன்பட்டது.

சரி, ரோமாபுரிக் கார்க்குக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நகரத்தைத் தாண்டி இன்னும் தெற்கே போனால் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு வரும். 1945-ல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை காசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் இங்கே அகழாய்வு செய்தார்கள். இரண்டு கைப்பிடியும் குறுகிய கழுத்தும் கொண்ட மத்தியதரைக் கடல் நாட்டு ஜாடிகளின் உடைந்த துண்டுகள் இங்கே கிடைத்தன. ஆம்போரா என்று அவற்றுக்குப் பெயர். அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லிடிங் வில், பெரும்பாலானவை ஒயின் ஜாடிகள் என்றும், கிரேக்கத் தீவான கோஸ் பாணி ஜாடிகள் அவற்றில் அதிகம் என்றும் காட்டினார். புறநானூற்றின் 56-வது பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்தி மகிழட்டும் என்று வாழ்த்துகிறார். பாட்டும் பானை ஓடும் ஒன்றையொன்று உறுதிசெய்யும் அரிய இடம் இது.

பாட்டைப் பற்றியும் பானையைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூடியைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. யோசித்துப் பாருங்கள். எகிப்தின் செங்கடல் துறைமுகத்தில் ஏற்றிய ஒயின், பருவக்காற்றை நம்பி வாரக்கணக்கில் வெயிலிலும் அலையிலும் ஆடி வர வேண்டும். காற்று பட்டால் ஒயினில் இருக்கும் ஆல்கஹாலை அசிட்டிக் பாக்டீரியா காடியாக்கிவிடும். அரசன் கிண்ணத்துக்குப் போவது மதுவா, காடியா என்பதைத் தீர்மானித்தது மூடிதான்.

மூடியது எப்படி? ஜாடியின் உள்பக்கம் பிசின் பூசுவார்கள். கழுத்தில் கார்க் வில்லையையோ சுட்ட மண் வில்லையையோ செருகி, அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி இறுக்குவார்கள். சில மூடிகளில் வணிகரின் முத்திரையும் பதிந்திருக்கும். எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் இப்படிப்பட்ட மூடிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. பாலைவன மண் வறண்டது என்பதால் அங்கே கார்க்கும் மட்காமல் நின்றிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி. நம்மிடமும் கள் இருந்ததே, அது ஏன் ஜாடியில் ஏறி யவன நாட்டுக்குப் போகவில்லை? தரம் குறைவு என்பது காரணம் அல்ல. கள் நிற்காது, அவ்வளவுதான். பாளையிலிருந்து சொட்டும்போதே புளிக்கத் தொடங்கி, ஒரு நாளைத் தாண்டினால் கடுத்துவிடும். புளிக்கும்போது கரியமில வாயு வந்துகொண்டே இருப்பதால் இறுக்கி மூடினால் கலம் வெடிக்கும். நம் ஆட்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிப்பைத் தடுத்தால் பதநீர், அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. கருப்பட்டி எவ்வளவு தூரமும் போகும். ரோமானியர் புளித்து முடிந்ததை மூடினார்கள், நாம் புளிக்கவே விடாமல் காய்ச்சினோம். சுண்ணாம்பு இரண்டு இடத்திலும் உண்டு என்பதுதான் வேடிக்கை!

ரோமப் பேரரசு சரிந்த பிறகு ஐரோப்பாவில் ஒயின் பெரும்பாலும் மரப்பீப்பாய்க்கு மாறியது, கார்க்கின் மவுசு குறைந்தது. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலையில் உறுதியான கண்ணாடி பாட்டில் செய்யத் தொடங்கியபோது அது திரும்பி வந்தது. அதே நூற்றாண்டில், 1665-ல், ராபர்ட் ஹூக் ஒரு கார்க் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதன் சின்னஞ்சிறு அறைகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். உயிரியல் பாடத்தில் நாம் படிக்கும் செல் பிறந்ததே இந்தத் தக்கையில்தான்.

இப்போது வீட்டுக்கு வருவோம். கிறிஸ்துமஸுக்குப் பன்னீர் திராட்சையில் ஒயின் போடும் வீடுகள் நம் பக்கம் உண்டு. (வீட்டில் ஒயின் போட அனுமதி உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.) அந்தப் பழைய வணிகரின் பிரச்சினைதான் இவர்களுக்கும்.

முதல் விதி, புளிப்பு முழுக்க நின்ற பிறகே கார்க் போட வேண்டும். குமிழி நின்றால் மட்டும் போதாது. ஹைட்ரோமீட்டர் அளவு சில நாட்கள் மாறாமல் இருக்க வேண்டும். நம் வீட்டு ஒயினில் இனிப்பு அதிகம். மிச்சமிருக்கும் சர்க்கரையில் ஈஸ்ட் மறுபடி வேலை செய்தால் கார்க் பறக்கும், இல்லையேல் பாட்டில் வெடித்துக் கண்ணாடி சிதறும். சந்தேகம் இருந்தால் கார்க் போடாமல் பிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, அளவு. சாதாரண ஒயின் பாட்டிலின் கழுத்து உள்ளே சுமார் 18.5 மில்லிமீட்டர். அதற்கான கார்க் 24 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. கையால் இறங்காது, அழுத்திச் செருகும் கருவி வேண்டும். கையால் செருகும் கூம்புக் கார்க் சில வாரங்களுக்கு மட்டும் சரி. ஓரிரு மாதத்தில் முடிக்கப்போகிறீர்கள் என்றால் திருகுமூடி பாட்டிலே போதும். ஓரிரு ஆண்டுக்குத் தூள் கார்க்கை ஒட்டிச் செய்தது தாங்கும். அதற்கு மேல் வைக்க முழுப்பட்டைக் கார்க்தான் நல்லது.

மூன்றாவது, சுத்தம். கார்க்கைக் கொதிக்க வைக்காதீர்கள், அதன் மீள்தன்மை கெடும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். குளோரினும் பூஞ்சையும் சேர்ந்தால் டிசிஏ என்ற பொருள் உண்டாகி, ஒயினில் ஈரச்சாக்கு வாடை அடிக்கும். திருகாணியால் துளைத்து எடுத்த பழைய கார்க்கை மறுபடி போட வேண்டாம். கார்க்குக்கும் ஒயினுக்கும் இடையே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடம் விடுங்கள். இரண்டு மூன்று நாள் பாட்டிலை நிமிர்த்தி வைத்து, கார்க் விரிந்து இறுகிய பிறகு படுக்க வையுங்கள். ஈரம் இருந்தால்தான் கார்க் சுருங்காது.

மரத்துக்கு 25 வயதான பிறகே முதல் பட்டையை உரிப்பார்கள். அடுத்தது போர்ச்சுகலில் 9 ஆண்டு கழித்துத்தான். பாட்டில் மூடிக்கு ஏற்ற பட்டை மூன்றாவது உரிப்பில்தான் கிடைக்கும், அதாவது மரத்துக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு. அதை நாம் அவசரத்தில் வீணாக்கலாமா?

மதுவைச் சங்கப் புலவர்கள் 'தேறல்' என்றார்கள். தேறுதல் என்றால் தெளிதல். தெளிந்து அடங்கியதைத்தான் மூட முடியும், மூடியதுதான் கடல் கடந்தது. வீட்டு ஒயினுக்கும் இதே கணக்குதான்: தேறிய பிறகு மூடுங்கள்.