கஞ்சித் தொட்டியிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் வரை



ரீயூனியன் மலர் என்றாலே ஹாஸ்டல் மெஸ்ஸையும் கேன்டீன் சமோசாவையும் பற்றி நாலு பேராவது எழுதுவார்கள். நான் கொஞ்சம் வெளியே வந்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாப்பாட்டைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். திருவொற்றியூர் ஹைரோடில் இப்போது போய்ப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரைக்கும் வந்த பிறகு, ஏ.சி. ரெஸ்டாரன்ட், தள்ளுவண்டிக் கூடையோடு நடந்து சாமான் எடுக்கும் சூப்பர் மார்க்கெட் என்று புதுப் போர்டுகள் முளைக்கின்றன. "வட சென்னையும் மாறிடுச்சு சார்" என்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இந்தக் கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையோ மளிகைக் கடையோ எதற்காக வந்தது, யாரை நம்பி வந்தது என்ற சரித்திரம் தெரிந்தால்தான் இந்த மாற்றத்தை எடைபோட முடியும். அந்தக் கதையைத்தான் சுருக்கமாகச் சொல்லப் போகிறேன்.

ராயபுரத்துப் பெரியவர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்னமும் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782 வாக்கில், இங்கே பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். வெள்ளைக்காரன் வாயில் அது "மணேகார் சவுல்ட்ரி" ஆயிற்று. அந்தச் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் ஆஸ்பத்திரி. ஆக, நம் பகுதியில் ஊரறிந்த முதல் பொது சாப்பாட்டு இடம் ஒரு ஹோட்டல் அல்ல, கஞ்சித் தொட்டி. காசு இருப்பவனுக்காக அல்ல, இல்லாதவனுக்காகத் திறந்த இடம்.

அடுத்து வந்தது ரயில். 1856ல் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் வண்டி புறப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. ரயிலுக்குப் பின் துறைமுகம். அதுவரை கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, மசுலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வந்தன. 1861ல் இரும்புத் தூண் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. 1876ல் செயற்கைத் துறைமுக வேலை ஆரம்பித்தது. 1881 புயல் அதைப் புரட்டிப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள்.

இங்கே இன்ஜினீயர் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நம் கிழக்குக் கடற்கரையில் அலைகள் மணலை வருஷம் முழுக்க நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த நகர்வு தெற்கிலிருந்து வடக்கே. துறைமுகத்துச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கில் தங்கிவிட்டது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. விளைவு என்ன? தெற்கே மெரினா வருஷா வருஷம் அகலமாயிற்று. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. கருங்கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. மெரினாவில் சுண்டல் வண்டி நிற்கிறது, பஜ்ஜிக் கடை நிற்கிறது; நம் பக்கம் ஏன் "பீச் ரெஸ்டாரன்ட்" வரவில்லை என்று கேட்பவர்களுக்கு இது பதிலில் பாதி. அவர்களுக்கு மணலைக் கொடுத்த அதே சுவர்தான் நமக்குக் கல்லைக் கொடுத்தது.

பதிலின் மறுபாதி, இங்கே கடை வந்தது காற்று வாங்க வருபவர்களை நம்பி அல்ல என்பது. ஆலைச் சங்கை நம்பி வந்தது.

பெரம்பூர் பக்கத்தில் பக்கிங்ஹாம் ஆலையும் கர்னாடிக் ஆலையும் 1870களின் கடைசியிலும் 1880களின் தொடக்கத்திலும் எழும்பின. பின்னி ஆலை என்று நாம் சொல்வது இதைத்தான். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், மதியச் சாப்பாட்டு இடைவேளையோ அரை மணி. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கை கழுவிச் சாப்பிட 14 நிமிஷம் வைத்துக்கொண்டால், மிச்சம் 16 நிமிஷம். போக 8, வர 8. நிமிஷத்துக்கு 75 மீட்டர் நடக்கிற ஆளுக்கு 8 நிமிஷத்தில் 600 மீட்டர். கேட்டிலிருந்து 600 மீட்டருக்கு அப்பால் இருக்கும் சாப்பாடு, சொந்த வீட்டுச் சாப்பாடாக இருந்தாலும் சரி, அவனுக்கு இல்லை! ஆலை கேட்டை ஒட்டி இட்லிக் கூடைகளும் கூழ்ப் பானைகளும் ஏன் வரிசை கட்டின என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அந்த அரை மணி பெரிய சரித்திரத்தையே உண்டாக்கிவிட்டது. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. அதில் முன்னின்று உழைத்தவர். இந்தச் சங்கம் வைத்த ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று, சாப்பாட்டு இடைவேளையை நீட்டித் தர வேண்டும் என்பது. சங்கத்துக்கு வித்திட்ட செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஆலைத் தொழிலாளிகள் அல்ல. தொழிலாளர்களோடு வியாபாரம் செய்த சிறு கடைக்காரர்கள். சம்பளத்துக்கும் செலவுக்கும் நடுவில் விழும் துண்டு எவ்வளவு என்பது கடைக்காரனின் கணக்கு நோட்டில்தானே தெரியும்?

அடுத்த ரெண்டு வருஷத்தில், 1920ல், வண்ணாரப்பேட்டைக்காரரான சர் பிட்டி தியாகராயர் நகரசபைத் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தர முடிவாயிற்று. பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளையின் பசியைப் பார்த்து எடுத்த முடிவு. பிற்காலத்துச் சத்துணவுக்கெல்லாம் அது மூதாதை.

சாமான் எந்த வழியாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1806ல் சென்னையையும் எண்ணூரையும் இணைத்து வெட்டிய காக்ரேன் கால்வாய் பிறகு பக்கிங்ஹாம் கால்வாயின் பகுதியானது. 1877–78 பஞ்ச நிவாரண வேலையாக அடையாறு வரைக்கும் அதை வெட்டி இணைத்தார்கள். பசித்தவர்கள் வெட்டிய அந்தக் கால்வாய் வழியாக விறகும் அரிசியும் உப்பும் படகில் வந்தன. காய்கறிக்கு ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடி. கடல் வழியாக பர்மா அரிசி. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. அடுத்த வருஷமே நகரத்தில் ரேஷன் வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் நம் பகுதியின் பொற்காலம். 1946ல் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனிதான் இன்றைய எம்.ஆர்.எஃப். 1949ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ். 1955ல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே காலத்தில் திருவொற்றியூரில் என்ஃபீல்ட். 1969ல் மணலி சுத்திகரிப்பு நிலையம், 1970ல் எண்ணூர் அனல் மின் நிலையம். 1948 தொழிற்சாலைச் சட்டப்படி 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் இருந்தது. ஆக, பெரிய கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளிக்கு டோக்கன் சாப்பாடு உள்ளேயே கிடைத்தது. கான்ட்ராக்ட் ஆளுக்கும், லாரி டிரைவருக்கும், துறைமுகக் கூலிக்கும் கேட்டுக்கு வெளியேதான் நாஷ்டா. யார் உள்ளே சாப்பிடுகிறார், யார் வெளியே சாப்பிடுகிறார் என்று பார்த்தாலே அவருடைய வேலை எவ்வளவு கெட்டி என்று சொல்லிவிடலாம்.

மளிகைக் கடையோ சம்பளச் சட்டத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்தது என்றால் நம்புவீர்களா? 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக இருக்கும் தொழிற்சாலையில் 7ஆம் தேதிக்குள் சம்பளம். அதற்கு மேலிருந்தால் 10ஆம் தேதிக்குள். தெற்குச் சீமையிலிருந்து வந்து கடை போட்ட அண்ணாச்சிகளின் நோட்டும் இதே தேதிகளில்தான் புரண்டது. மாசம் முழுக்கச் சாமான், சம்பளத்தன்று பாக்கி அடைப்பு. ஸ்டிரைக்கோ லாக்-அவுட்டோ வந்தால், அது எத்தனை நாள் தாங்கும் என்பது யூனியன் ஆபீஸில் மட்டும் முடிவாகவில்லை. அண்ணாச்சி எத்தனை நாள் அரிசி கொடுப்பார் என்பதிலும் இருந்தது. காசிமேட்டிலும் அதே கதைதான். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வயிறு நிற்காதே! நிவாரணத் தொகை ஒருபக்கம், கடை நோட்டு மறுபக்கம்.

கடலைத் தாண்டியும் சாப்பாடு வந்தது. 1962க்குப் பிறகு பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்களுக்கு 1969ல் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் அமைந்தது. அவர்கள் கொண்டுவந்த சொத்தில் யாராலும் பறிமுதல் செய்ய முடியாதது கைப்பக்குவம் ஒன்றுதான். அத்தோவும், வாழைத்தண்டு போட்ட மொய்ங்காவும் இன்று நம் ஊர்ச் சாப்பாடாகிவிட்டன. எதிரே யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அந்த வண்டிகளில் போர்டு கிடையாது. 1957ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே போர்டில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கப் பெரியார் மறியல் நடத்தவேண்டி இருந்த நகரம் இது என்பதை இளைய மாணவர்கள் மறக்க வேண்டாம்.

1996ஆம் வருஷத்தை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் சென்னையாகப் பெயர் மாறிய வருஷம். பின்னி ஆலை நிரந்தரமாக மூடிய வருஷம். கொத்தவால் சாவடி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போன வருஷம். அதே வருஷம்தான் சென்னையின் முதல் ஃபுட் வேர்ல்ட் சூப்பர் மார்க்கெட் தெற்கே ஆர்.ஏ. புரத்தில் திறந்தது. வடக்கில் ஒரு சங்கு நின்றது, தெற்கில் ஒரு ஏ.சி. ஓடத் தொடங்கியது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு கடைகள் தேடிப் போனது ஆலை வாசலை அல்ல, சம்பளம் பேங்க்கில் விழும் வீடுகளை. அந்த வீடுகள் நம் பக்கமும் பெருகி, மெட்ரோவும் வந்த பிறகுதான் கடைகள் திரும்பிப் பார்க்கின்றன.

புதுக் கடையைக் குறை சொல்வதல்ல என் நோக்கம். விலை அச்சடித்திருக்கிறது, எடை சரியாக இருக்கிறது, பெண்கள் தயக்கமில்லாமல் குடும்பத்தோடு உட்கார இடம் இருக்கிறது. பழைய நோட்டில் கடன் சாமானுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்பதும் உண்டு. நாலு பேர் முன்னால் பாக்கி கேட்டால் வரும் அவமானமும் உண்டு. ஆனால் பில் மெஷினுக்கு முகம் தெரியாது. "அடுத்த மாசம் குடுங்க" என்று அது சொல்லாது. 2013ல் ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதத்தோடு அம்மா உணவகம் தொடங்கியபோது அங்கே நின்ற வரிசை எதைக் காட்டியது? கஞ்சித் தொட்டியின் தேவை 230 வருஷம் கழித்தும் தீரவில்லை என்பதைத்தானே?

இன்னொன்று. கரையோரம் ரெஸ்டாரன்ட் வரலாம். தட்டில் வைக்க மீன் வேண்டாமா? எண்ணூர் முகத்துவாரத்து எறாவும் நண்டும் பேர்போனவை. கொசஸ்தலை ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியது. மீனவர்கள் கையாலேயே அதை வழித்து எடுத்தார்கள். ஆற்றைச் சுத்தம் செய்யாமல் ஆற்றங்கரையை அழகு செய்வது, அஸ்திவாரம் போடாமல் பெயின்ட் அடிக்கிற வேலை. நம்மில் பலர் அதே தொழிற்சாலைகளில் இன்ஜினீயர்களாகச் சம்பளம் வாங்குகிறவர்கள். இது நமக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே நண்பர்களே, இந்த மலர் வழியாக ஒரு வேண்டுகோள். மாணவர்கள் ராயபுரம் முதல் எண்ணூர் வரை இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கும் டிபன் கடைகளையும் மளிகைக் கடைகளையும் ஒரு சர்வே எடுக்கட்டும். எப்போது ஆரம்பித்தது, எந்தக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள், கம்பெனி மூடியபோது என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதட்டும். செலவை நம் சங்கம் ஏற்கலாம். 2023ல் அரசு அறிவித்த வட சென்னை வளர்ச்சித் திட்டம் போன்றவை வரும்போது, தெருவோரக் கடைக்கும் இடம் ஒதுக்குங்கள் என்று கேட்க, கையில் கணக்கு வேண்டும். வெறும் ஆதங்கத்தை எந்த ஆபீஸிலும் ஃபைலில் சேர்க்க மாட்டார்கள்.

பசித்தவனைத் தேடி வந்த கடைகளால் வளர்ந்த கரை இது. புதிதாக வருகிற கடைகளும் அவனுக்கு எட்டும் தூரத்தில், எட்டும் விலையில் இருக்கட்டும். 600 மீட்டர் கணக்கை நாம் மறக்காமல் இருப்போம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க வட சென்னை!