பழைய போர்விமானங்களும் அவற்றைக் காப்போரும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே கடலை நோக்கி அமைந்துள்ள சிற்றூர் கண்டக்குழி. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் புத்தளக் களப்பு, இடையே மணலும் தென்னையும் மீன்வாடிகளும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கரையில் சற்று நேரம் நிற்பவரின் உதட்டிலே உப்புச் சுவை தோன்றும். வெளியே கிடக்கும் இரும்பாணி விரைவிலே துருவேறிப் போகும். கடற்காற்று உலோகத்துக்குப் பகை என்பதை இங்கு எவரும் ஏட்டிலே படித்து அறிய வேண்டியதில்லை.

இக்கரைப் பகுதிக்கு ஒரு விமான வரலாறு உண்டு. கற்பிட்டியிலிருந்து வரும் வீதி புத்தளம்–கொழும்பு நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடம் பாலாவி. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை அங்கே ஒரு விமானத் தளத்தை அமைத்தது. அதற்கு அது சூட்டிய பெயர் ‘ராஜாளிய’ என்பதாகும். கழுகைக் குறிக்கும் இச்சிங்களச் சொல் நமது ‘இராசாளி’ என்னும் சொல்லுக்கு மிக அணித்தானது.

இத்தளத்தின் தேவை 1942ஆம் ஆண்டிலேயே புலப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலீனாக் கடல்விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அன்று காலை கொழும்பு தாக்கப்பட்டது. இரத்மலானையிலிருந்தும் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்துப் போரிட்டன. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. இலங்கையின் பாதுகாப்புக்கு மேலும் பல விமானத் தளங்கள் வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று.

1943 முதல் 1945 வரை பாலாவித் தளம் இயங்கியது. கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் அங்கே பழுது பார்க்கப்பட்டன; விமானிகள் பயிற்சி பெற்றனர். அங்கு வந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது அமெரிக்கத் தயாரிப்பான கோர்சயர் விமானம். அதன் சிறகுகள் உடலை ஒட்டிக் கீழே இறங்கிப் பின்னர் மேலே வளைந்து செல்லும். பிரித்தானியக் கப்பல்களின் உட்கூடங்கள் உயரங் குறைந்தவை. மடித்த சிறகுகள் கூரையில் முட்டாதிருக்க அவற்றின் நுனிகள் சில அங்குலம் குறைக்கப்பட்டன. மழைக்காலத்துச் சேற்றிலே இவ்விமானங்கள் புதைந்தபோது, அவற்றை இழுக்க யானைகள் பயன்பட்டன. அக்காலப் புகைப்படங்கள் இதற்குச் சான்று. மரக்குற்றி இழுத்துப் பழகிய யானை, கப்பலிலிருந்து பறந்துவந்த போர்விமானத்தைச் சங்கிலியில் கட்டி இழுத்துச் சென்ற காட்சி புத்தளத்து மண்ணில் நிகழ்ந்த ஒன்று.

போர் முடிந்தது, தளமும் மூடப்பட்டது. கோர்சயர் விமானங்கள் அமெரிக்கா இரவலாகக் கொடுத்தவை. ஒப்பந்தப்படி அவற்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது அழித்துவிடவேண்டும். அமெரிக்காவுக்கோ அவை மீண்டும் தேவைப்படவில்லை. எனவே நல்ல நிலையிலிருந்த விமானங்கள் பலவும் கப்பல்களில் ஏற்றப்பட்டு ஆழ்கடலிலே தள்ளப்பட்டன. ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் இவ்வாறு அமிழ்ந்தவை ஏராளம். ஒரு நாள் உயிர்காத்த கருவி மறுநாள் சுமையாகிவிட்டது. பாலாவியில் இன்று இலங்கை விமானப்படையின் முகாம் இருக்கின்றது. யானைகள் இழுத்த அவ்விமானங்களோ புகைப்படங்களிலே மட்டும் எஞ்சியுள்ளன.

இவ்வாறு அரசாங்கங்கள் கைவிட்டவற்றுள் சில உலகத்தின் பிற பகுதிகளில் எங்ஙனம் பிழைத்தன? பல இடங்களில் அவற்றை முதலிற் காத்தவர் தனிமனிதரே.

இங்கிலாந்தின் றிச்சர்ட் ஷட்டில்வேர்த் என்பவரை முதலிற் கூறலாம். 1909இல் பிறந்த இவர், பிறர் குப்பையென ஒதுக்கிய பழைய விமானங்களை 1930களிலே தேடிச் சேர்த்துப் பழுதுபார்த்துப் பறக்கச் செய்தார். தாம் பிறந்த அதே ஆண்டிற் செய்யப்பட்ட பிளேரியோ விமானமும் அவர் சேர்த்தவற்றுள் ஒன்று. 1940 ஆகஸ்ட் 2ஆம் திகதி, விமானப்படைப் பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் அவர் உயிர் துறந்தார். ஒரே மகனை இழந்த தாய், அவர் சேர்த்த பொருளை விற்றுவிடவில்லை. 1944இல் மகனின் நினைவாக ஓர் அறக்கட்டளையை நிறுவி, எல்லாவற்றையும் அதன் பொறுப்பில் வைத்தார். ஓல்ட் வோர்டன் என்னும் ஊரிலே அத்தொகுப்பு இன்றும் பொதுமக்களின் பார்வைக்கு உண்டு. கொழும்பு வானிலே போரிட்ட ஹரிக்கேன் இனத்தின் கடற்படை வடிவம் ஒன்றும் அங்கே பறக்கும் நிலையிற் பேணப்படுகின்றது.

அயல்நாடாகிய இந்தியாவில் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. 1947 அக்டோபர் 27ஆம் திகதி, சீக்கியப் படைப்பிரிவின் வீரரை ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானங்கள் சிறீநகரில் இறங்கின. பிற்காலத்தில் அவ்வினம் இந்திய விமானப்படையினின்றும் முற்றாக நீங்கிற்று. நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த ராஜீவ் சந்திரசேகர், டகோட்டா விமானியாகிய ஒருவரின் மகன். ஐரோப்பாவிலே பழைய இரும்பாகப் போகவிருந்த டகோட்டா ஒன்றை வாங்கி, இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே தமது செலவிற் செப்பனிடுவித்து, விமானப்படைக்கு வழங்க அவர் முன்வந்தார். முதலில் அப்பரிசு ஏற்கப்படவில்லை. ஆண்டுகள் சில கழிந்தபின் அனுமதி கிடைத்தது. 2018 ஏப்ரலில் அவ்விமானம் கொவென்றியினின்றும் புறப்பட்டு, நாடு நாடாக இறங்கி ஏறி, இந்தியாவுக்குத் தானே பறந்து வந்து சேர்ந்தது. ‘பரசுராமன்’ என்னும் பெயரோடு மே மாதத்தில் ஹிண்டன் தளத்தில் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது.

விமானம் சேர்ப்போரின் ஆர்வத்துக்கு ஓர் எல்லை உண்டு. அவர் வாழ்நாளே அவ்வெல்லை. மைக்ரோசொப்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரான போல் அலன், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே அரிய போர்விமானங்களைத் திரட்டி நூதனசாலை ஒன்று அமைத்திருந்தார். 2018இல் அவர் காலமானார். 2020இல் பெருந்தொற்றுக் காலத்திலே நூதனசாலை மூடப்பட்டது. அதன் எதிர்காலம் யாதென்பது ஈராண்டுகள் தெளிவாகவில்லை. 2022இல் வேறொரு செல்வர் அத்தொகுப்பை வாங்கியபடியால், 2023இல் கதவுகள் மீண்டும் திறந்தன. வாங்குவோர் வாய்த்தது நற்பேறு. நற்பேற்றை நம்பி வரலாற்றுப் பொருளை விட்டுவைத்தல் தகாது. உயிரோடிருக்கும்போதே அறக்கட்டளையிடமோ பொது நிறுவனத்திடமோ ஒப்படைப்பதும், பராமரிப்புக்கு நிதி ஒதுக்குவதும் சேர்ப்போரின் கடமை. ஏற்றபின் அதனைப் புறக்கணியாமை பெறுவோரின் கடமை.

விமானத்தைக் காப்பது எளிய பணியன்று. அதன் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகடு. மூட்டுகளில் உருக்கும் வேறு உலோகங்களும் உள்ளன. இரு வேறு உலோகங்கள் தொடும் இடத்திலே உப்புநீர் தங்கினால், அது சிறியதொரு மின்கலம் போலாகி ஓர் உலோகத்தை அரித்துத் தின்னும். அலுமினியம் செந்துருவாக மாறுவதில்லை, வெண்பொடியாக உதிரும். வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே தகடு அரிக்கப்பட்டிருத்தல் கூடும். ஆகையால் கூரையும் உலர்ந்த காற்றும் முதல் தேவைகள். சில்லுகளின் இறப்பர் பாரத்தால் உருக்குலையாதிருக்க விமானம் தாங்கிகளின் மேல் நிறுத்தப்படும். எஞ்சினுள்ளே அரிப்பைத் தடுக்கும் எண்ணெய் இடப்படும். குண்டுகளும் வெடிமருந்துகளும் அகற்றப்படும். இருளில் ஒளிரும் பழைய கடிகைமுகங்களிலே கதிர்வீசும் ரேடியம் இருக்கக்கூடும். எனவே அவற்றைக் கையாளத் தனிக் கவனம் வேண்டும். இவை எவையும் இன்றி, கடற்கரையூர் ஒன்றிலே விமானத்தைத் தூண்மீது ஏற்றி வெயிலிலும் உவர்க்காற்றிலும் நிறுத்துவது, மெதுவாக அழிப்பதற்கு ஒப்பாகும்.

பறக்கவைப்பதா, உள்ளபடியே வைப்பதா என்னும் வினாவும் உண்டு. பறக்கும் விமானத்துக்குப் புதிய உறுப்புகள் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தோடும் பழைய பொருளிலே ஒரு பங்கு மறையும். இங்கிலாந்தின் யோவில்ற்றன் என்னும் ஊரிலுள்ள கடற்படை விமான நூதனசாலை மறுவழியைக் கைக்கொண்டது. அங்கே 1944இல் செய்யப்பட்ட கோர்சயர் ஒன்று உண்டு. பாலாவிக்கு வந்த அதே இனம். அதன் மேற்பூச்சு பிற்காலத்தது என்பதும், அதன்கீழே போர்க்காலப் பூச்சு அழியாதிருப்பதும் தெரியவந்தன. புதிதாக வண்ணம் தீட்டாமல், பிற்காலப் பூச்சைச் சிறிது சிறிதாகச் சுரண்டி நீக்கும் பணி பல ஆண்டுகள் நடந்தது. மங்கிய நிறமும் தொழிற்சாலைக் குறிகளும் அன்றிருந்தவாறே இன்று காணக்கிடக்கின்றன. பார்வைக்கு அது பழையது; சான்றாக நோக்குங்கால் அதற்கு ஈடு அரிது.

காட்சிக்கு வைப்போர் உண்மையும் பேணவேண்டும். ‘பரசுராமன்’ தாங்கும் இலக்கம், 1947இல் சிறீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் இலக்கமாகிய வீ.பீ. 905. ஆயினும் அதே விமானமன்று. அதன் நினைவாக அவ்விலக்கத்தை ஏற்றது. நினைவுச் சின்னம் என்ற வகையில் அதிற் குறையில்லை. ஆயினும் பார்க்கவரும் சிறுவனுக்கு இந்த வேறுபாடு தெளிவாக எழுதிக் காட்டப்படவேண்டும். அறிவிப்புப் பலகையின் ஒரு வரி தவறினால், அடுத்த தலைமுறையின் வரலாறும் தவறும்.

இலங்கையில் இப்பணி முற்றாக நடவாமலில்லை. இரத்மலானையிலே விமானப்படை தனது பழைய விமானங்களைத் திரட்டி, 2009இல் நூதனசாலையாக மக்களுக்குத் திறந்து வைத்தது. ஆனால் புத்தளக் கரையின் போர்க்கால வரலாறு பெரும்பாலும் மேல்நாட்டுப் படத்தொகுதிகளிலே தங்கியிருக்கின்றது. அக்காலத்தைச் சிறுபிராயத்திற் கண்டவர்கள் இன்று மிக முதியவர்கள். அவர்கள் நினைவிலிருப்பதை ஒலியாகவும் எழுத்தாகவும் பதிவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மண்ணுக்குள்ளிருந்தோ வலையிலோ கிடைக்கும் பழைய உலோகத் துண்டைப் பழைய இரும்பு வணிகனிடம் நிறுத்துக் கொடுக்குமுன், அது யாதென அறிந்தவரிடம் காட்டுதலும் அரிதன்று. வெடிபொருள்போலத் தோன்றுவதை மாத்திரம் தொடாமல் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும்.

கண்டக்குழிக் கரையிலே இன்றும் காற்று உப்பைச் சுமந்து வீசுகின்றது. உலோகத்தை அது அரிக்கும். எழுதி வைக்காத நினைவையோ முதுமை அரிக்கும். ஷட்டில்வேர்த்தின் தாய் தம் மகன் சேர்த்தவற்றைப் பொதுவுடைமையாக்கியமையாலேயே அவை நிலைத்தன. பாலாவி ஓடுபாதையில் யானைகள் இழுத்துச் சென்ற விமானங்களுக்கு அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை. அவற்றின் கதைக்கேனும் காப்பாளர் வாய்ப்பது இக்கரையின் பிள்ளைகள் கையில் உள்ளது.