ஏடுகள் தோட்டாவான ஊர்

கிரேக்க நாட்டின் சரித்திரத்தை ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்னும் இரு நகரங்களோடு முடித்துவிடுவது பாடநூல்களின் வழக்கம். அவ்வழக்கினால் மறக்கப்பட்ட ஊர்கள் பல. அவற்றுள் ஒன்று தீமித்சானா. கிரேக்கத்தின் தென்பாகமாகிய பெலொப்பொனீசுத் தீபகற்பத்தின் நடுவே ஆர்க்காடியா என்னும் மலைநாடு இருக்கின்றது. அந்நாட்டிலே, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 950 மீற்றர் உயரத்தில், லூசியோஸ் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கை நோக்கியவாறு கல்வீடுகள் நெருங்கி நிற்கும் சிற்றூர் அது. இன்று அங்கே குடியிருப்போர் சில நூறு பேரே. எனினும் கிரேக்கரின் விடுதலைப் போர் எவ்வாறு நடந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை அறிய விரும்புவோர் இவ்வூரைத் தவிர்த்துச் செல்லல் இயலாது.

ஊரின் தொன்மையை முதலிற் காட்டுவன அதன் கற்களே. பிற்கால வீடுகளுக்கிடையே, சாந்து இன்றி ஒன்றோடொன்று பொருந்த அடுக்கிய பெருங்கற்சுவர்களின் பகுதிகள் இன்றும் காணப்படுகின்றன. இவை தெயுதிஸ் என்னும் பண்டை நகரின் அரண் என்பர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் சுற்றி நூல் எழுதிய பௌசானியாஸ், தமது காலத்திலேயே தெயுதிஸ் நகர நிலை இழந்து சிற்றூராகிவிட்டது எனக் குறிக்கின்றார். துரோயப் போருக்குப் புறப்பட்ட இவ்வூர்த் தலைவன் அகமெம்னோனோடு பிணங்கி, தன்னைத் தடுக்க வந்த அதீனா தேவியையே ஈட்டியாற் குத்தினான் என்னும் கதையையும் அவர் சொல்கின்றார். தொடையிலே செந்நிறக் கட்டுக் கட்டிய அத்தேவியின் சிலையை அவர் நேரிற் கண்டாராம். காயத்துக்குக் கட்டுப் போட்ட தெய்வச் சிலை வேறெங்கேனும் இருந்ததோ என்பது ஐயமே!

ஆற்றின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பிறந்த குழந்தையாகிய சேயுசு தெய்வத்தை வனதேவதைகள் நீராட்டிய இடமாதலின், நீராட்டு எனப் பொருள்படும் சொல்லிலிருந்து லூசியோஸ் என்னும் பெயர் வந்ததாம். இந்த ஆற்றைவிடக் குளிர்ந்த நீர் வேறு ஆற்றில் இல்லை என்றும் பௌசானியாஸ் எழுதினார். கதை எவ்வாறாயினும் நீரின் வளம் மெய்யானது. மலையிடுக்குகளிலிருந்து ஊறும் சுனைகள் ஊருக்குக் குடிநீராயின. சரிவிலே விழும் ஓடைகள் ஆலைகளைச் சுழற்றின. அந்த ஆலைகளே பின்னர் ஊரின் தலைவிதியை நிர்ணயித்தன.

கிறிஸ்தவ சமயம் பரவிய பின்னர் இப்பள்ளத்தாக்கு துறவிகளின் இருப்பிடமாயிற்று. 963ஆம் ஆண்டிலே, பிசாந்தியப் பேரரசன் நிக்கிபோரஸ் போக்காசின் செயலாளராயிருந்த யோவான் லம்பர்தோபுலோஸ் என்பவர் இங்கே ஒரு மடத்தை நிறுவினார். அவர் மெய்யறிஞர் எனச் சிறப்பிக்கப் பெற்றமையால் அதற்கு ‘மெய்யறிஞர் மடம்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. செங்குத்தான பாறை முகத்தோடு ஒட்டிக் கட்டப்பட்ட அதன் சுவர்களை இன்று தொலைவிலிருந்து பார்ப்போர்க்குப் பாறை எது, மதில் எது என்று பிரித்தறிதல் அரிது. 17ஆம் நூற்றாண்டிலே அதற்கு அண்மையில் புதிய மடம் ஒன்று எழுந்தது. எதிர்க்கரைப் பாறையிலே திருமுழுக்கு யோவானின் மடம் தூக்கணாங்குருவிக் கூடுபோலத் தொங்குகின்றது. ஊரின் நடுவே உயர்ந்த கல் மணிக்கூண்டோடு நிற்பது புனித கிரியாக்கியின் தேவாலயம்.

துருக்கிய ஒட்டோமன் ஆட்சியின் கீழ் கிரேக்கர் இருந்த காலத்தில், கிரேக்க மொழிக் கல்வி பெரும்பாலும் திருச்சபையின் நிழலிலேயே பிழைத்தது. 1764ஆம் ஆண்டிலே அகாப்பியோஸ், கெராசிமோஸ் என்னும் துறவிகள் இருவர் தீமித்சானாவில் ஒரு கலாசாலையைத் தொடங்கினர். அதனோடு ஒரு நூலகமும் வளர்ந்தது. மடத்து ஏடுகளும், அன்பர் அளித்த நூல்களும் அங்கே சேர்ந்தன. தீபகற்பத்தின் பல பாகங்களிலிருந்தும் மாணாக்கர் இம்மலையூருக்கு ஏறி வந்தனர். அச்சுக்கூடங்கள் அருகில் இல்லாத அந்நாட்டிலே ஒரு நூலைப் பெறுதல் எளிதன்று. ஒவ்வொன்றும் கடல் கடந்தோ, மலை கடந்தோ கோவேறுகழுதையின் முதுகில் வந்திருத்தல் வேண்டும்.

இவ்வூர் ஈன்ற மைந்தர் இருவர் கிரேக்க சரித்திரத்தில் நிலைபெற்றனர். ஒருவர், பத்திராஸ் நகரின் பேராயராகிய கெர்மானோஸ். 1771இல் பிறந்த இவர் விடுதலைக்கென அமைந்த இரகசியச் சங்கத்திலே சேர்ந்தவர். 1821 மார்ச் 25ஆம் நாள் அயா லாவ்ரா மடத்திலே புரட்சிக் கொடியை ஆசீர்வதித்தவர் இவரே என்பது மரபு. அந்நிகழ்ச்சியை ஆராய்ச்சியாளர் பலர் ஏற்பதில்லையாயினும், அந்நாளையே கிரேக்கர் தேசிய விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

மற்றவர், 1746இல் பிறந்து மூன்று முறை கொன்ஸ்தாந்திநோபிளின் மறைமுதல்வராக வீற்றிருந்த ஐந்தாம் கிரெகோரி. கலகம் மூண்டபோது இவர் கலகக்காரரைத் திருச்சபையினின்று விலக்கிச் சாபமிட்டார். தலைநகரிலிருந்த கிறிஸ்தவ மக்களின் உயிரைக் காக்கவே அவ்வாறு செய்தார் என்பாரும், அஞ்சிச் செய்தார் என்பாரும் உளர். எவ்வாறாயினும் அச்சாபம் அவரைக் காக்கவில்லை. 1821 ஏப்பிரலில், உயிர்த்த ஞாயிறன்று, அவரது மாளிகை வாயிலிலேயே சுல்தானின் ஆணையால் அவர் தூக்கிலிடப்பட்டார். கடலில் எறியப்பட்ட உடலைக் கப்பற்றலைவன் ஒருவன் எடுத்து ஒடெசாவுக்குக் கொண்டுசென்றான். 1871இல் அது ஏதென்ஸ் சேர்ந்தது. கலகத்தைக் கண்டித்தவரும் அதனை வாழ்த்தியவரும் ஒரே சிற்றூரின் பிள்ளைகள்.

அவர்கள் பிறந்த ஊரோ அந்நாட்களில் வெடிமருந்து இடித்துக்கொண்டிருந்தது. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றையும் நுண்ணிதாக இடித்துக் கலப்பதே அத்தொழில். எருவிலும் மண்ணிலும் இருந்து வெடியுப்பை வடித்தெடுக்கும் முறையை இம்மக்கள் முன்னரே கைக்கொண்டிருந்தனர். வீடுகளில் உரலிலிட்டுக் கையால் இடித்த வேலையை ஓடைநீர் ஏற்றுக்கொண்டது. நீர் விழுந்து சில்லைச் சுழற்ற, சில்லின் அச்சு உலக்கைகளை மாறி மாறித் தூக்கி உரல்களில் விழுத்தும். கலவை காய்ந்தால் ஒரு பொறியே போதும், ஆலை அழிந்துவிடும். ஆகவே ஈரம் மாறாமற் காத்தனர். ஸ்பிலியோத்தோபுலோஸ் சகோதரர் போருக்கு முன்பே இவ்வுற்பத்தியைப் பெருக்கினர். போர்க்காலத்திலே 14 ஆலைகள் ஓடின. தளபதி கொலொக்கொத்திரோனிஸ், தம் நினைவுக் குறிப்புகளில், மருந்துக்குக் குறைவிருக்கவில்லை, அதனைத் தீமித்சானா செய்து தந்தது என்று கூறுகின்றார்.

மருந்து இருந்தது, அதனைச் சுற்றக் காகிதம் இல்லை. அக்காலத் துவக்குக்கு வேண்டிய மருந்தையும் ஈயக் குண்டையும் ஒரு காகிதச் சுருளிற் பொதிந்து வைப்பர். போர்வீரன் சுருளின் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் இட்டு, எஞ்சிய காகிதத்தையும் குண்டையும் கோலால் உள்ளே இடிப்பான். ஒரு வெடிக்கு ஒரு துண்டுக் காகிதம். மலைநாட்டில் அவ்வளவு காகிதம் கலாசாலை நூலகத்திலன்றி எங்கே இருக்கும்? அரைநூற்றாண்டாகச் சேர்த்த ஏடுகள் தாள் தாளாகப் பிரிக்கப்பட்டுத் தோட்டாக்களாயின. திருச்சபைத் தந்தையரின் உரைகளும் இலக்கண நூல்களும் போர்க்களத்திற் புகையாய்ப் போயின. எஞ்சியவை சிறுபகுதியே.

இத்தியாகத்தைப் பாராட்டி மட்டும் பேசுதல் எளிது. ஆனால் அத்தோட்டாக்கள் சென்ற வழியையும் சரித்திரம் மறைத்தல் ஆகாது. 1821 இலையுதிர் காலத்தில், அதே ஆர்க்காடியாவின் திரிப்பொலித்சா நகரம் கிரேக்கப் படையிடம் வீழ்ந்தது. அங்கே இருந்த முஸ்லிம்களும் யூதரும், பெண்கள் குழந்தைகள் உட்பட ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். மறைமுதல்வரைத் தூக்கிலிட்ட வாயிலும் திரிப்பொலித்சாவின் வீதிகளும் ஒரே ஆண்டுக்கு உரியவை. நூல்களைக் கிழித்தவர்கள் வேறு வழியின்றிக் கிழித்தனர் என்றே கொள்ளவேண்டும். ஆயினும் அந்நூல்களைப் படித்திருக்கவேண்டிய ஒரு தலைமுறையின் நட்டத்தை எந்த வெற்றியின் கணக்கிலும் எழுதியவர் இலர்.

போர் முடிந்து 1830இல் கிரேக்கம் சுதந்திர நாடாக ஏற்கப்பட்டது. தீமித்சானாவின் நூலகம் எஞ்சிய ஏடுகளோடும் பின்வந்த அன்பளிப்புகளோடும் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டு, இன்றும் கற்போருக்குத் திறந்திருக்கின்றது. கிரெகோரி பிறந்த வீடு திருச்சபை அரும்பொருட்காட்சிச்சாலையாயுள்ளது. ஊருக்குச் சற்று வெளியே, அருவி நீர் பெருகும் இடத்திலே, பழைய ஆலைகளைப் புதுக்கி 1997இல் திறந்தவெளிக் காட்சிச்சாலை ஒன்று அமைக்கப்பட்டது. மாவரைக்கும் ஆலை, சுழல்நீரிற் கம்பளி அலசும் தொட்டி, தோல் பதனிடும் கொட்டில், வெடிமருந்து ஆலை ஆகியவை அங்கே வரிசையாக இருக்கின்றன. ஒரே நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கி, ஆற்றை நோக்கிச் செல்கின்றது.