டைனமோ போய் ஆல்ட்டர்னேட்டர் வந்த வரலாறு



1920-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்கள் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். தாமே ஓட்டவும் செய்தார். பழனி எங்கள் ஒட்டன்சத்திரத்திற்கு அண்டை ஊர். ஆகவே மோட்டார் வண்டியின் வரலாறு எங்களுக்கு அயல்நாட்டுச் செய்தியன்று. அவ்வரலாற்றில் எவரும் அதிகம் பேசாத ஓர் உறுப்பைப் பற்றி இன்று சொல்ல விழைகிறேன்.

தொடக்கக் காலத்து வண்டிகளுக்கு மின்சாரம் மிகச் சிறிதே தேவைப்பட்டது. முன்விளக்குகள் பல கார்பைடு வாயுவில் எரிந்தன. எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்பினார்கள்; கைப்பிடி திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் வகுத்த மின் ஸ்டார்ட்டர் 1912-இல் காடிலாக் வண்டியில் வந்த பிறகே இவ்வபாயம் குறையலாயிற்று. ஸ்டார்ட்டருக்குப் பெரிய பாட்டரி வேண்டும். பாட்டரி வற்றாதிருக்க, ஓடும்போதே மின்னேற்றும் டைனமோ வேண்டும்.

டைனமோவும் ஆல்ட்டர்னேட்டரும் ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலில் பிறந்தவையே. ஆனால் டைனமோவில் மின்சாரம் பிறக்கும் கம்பிச்சுருளே சுழல்கிறது. அதன் முழு மின்னோட்டமும் கரித்துண்டுகள் வழியே வெளிவர வேண்டும். பொறி பறக்கும், தேயும். மிகு வேகத்தை அது தாங்காது. அதற்கேற்ப நிதானமாகச் சுழலும்படி அமைத்தால், வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடுகையில் மின்னேற்றம் நடவாது. ஆல்ட்டர்னேட்டரிலோ காந்தச் சுருள் சுழல, மின்சாரம் பிறக்கும் சுருள் அசையாது நிற்கிறது. பிறப்பது மாறுதிசை மின்னோட்டம். பாட்டரிக்கு அது உதவாது. அதை ஒருதிசையாக்கும் சிலிக்கன் டையோடுகள் சிறிதாயும் மலிவாயும் ஆன பின்னரே வழி பிறந்தது. 1960-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியண்ட் வண்டியில் அதைப் பொருத்தியது. மறு ஆண்டே, 1961-இல், டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூக்காஸ் நிறுவனமும் இணைந்து லூக்காஸ் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்தன, சென்னைப் பாடியில் அதன் ஆலை எழுந்தது.

என் மாமா ஒருவர் காய்கறி வாணிகர். அவரிடம் டைனமோ பூட்டிய பழைய அம்பாசடர் இருந்தது. நள்ளிரவில் சந்தைக்குப் போகையில் வேகம் குறைந்தால் விளக்கு மங்கும். எதிரே வரும் மாட்டு வண்டி தெரியாது. ஒரு ஞாயிறன்று வீட்டு வாசலிலேயே ஆல்ட்டர்னேட்டர் பொருத்த முனைந்தோம். "வாத்தியார் மாப்பிள்ளை, புத்தகம் பார்த்து நீ சொல், நான் செய்கிறேன்" என்றார். பாட்டரி இணைப்பை அகற்றினோம். பெல்ட்டைத் தளர்த்தி டைனமோவை இறக்கினோம். பழைய கட்-அவுட் பெட்டியையும் விலக்கினோம். புதியதை ஏற்றி, பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழும் அளவுக்கு இறுக்கினோம். பிழை என்னுடையது. அந்த வண்டியில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருந்தது. புதியதற்கு எதிர்முனையே அங்கு வரவேண்டும். மாற்றச் சொல்ல மறந்தேன். இணைத்த கணத்திலேயே டையோடுகள் கருகின.

இயற்பியல் கற்பிக்கும் நான் தலை குனிந்து நின்றேன். மாமா கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கருகியதை நான் பல ஆண்டுகள் வகுப்பில் காட்டினேன். அடுத்த ஞாயிறு புதிய டையோடுகள் வந்தன. முனைகளை மும்முறை சரிபார்த்தோம். எஞ்சின் மெல்ல ஓடும்போதும் விளக்கு மங்காது எரிந்தது. அன்றிரவே மாமா சந்தைக்குப் புறப்பட்டார்.