செல்லும் காசும் செல்லாத காசும்: ரொக்கம் தரும் உரிமை குறித்து

செலவு, செல்லுபடி, செல்லாக்காசு ஆகிய மூன்று சொற்களும் 'செல்' என்ற வினையிலிருந்து பிறந்தவை. கைமாறிச் செல்வதுதான் காசின் இயல்பு என்பதைத் தமிழ் தன் சொல்லிலேயே பொதிந்து வைத்திருக்கிறது. அப்படியானால் ஒரு காசு செல்லுமா செல்லாதா என்று முடிவு செய்பவர் யார்? ரொக்கமில்லாப் பொருளாதாரம் பற்றி 2016 முதல் நம் நாட்டில் நடந்துவரும் விவாதம் வசதி, வேகம், கறுப்புப் பணம் என்று பலவற்றைப் பேசியது. இந்தக் கேள்வியை மட்டும் ஓரமாகவே வைத்தது. யூபிஐ வேண்டுமா வேண்டாமா என்று வாதிடும் காலம் முடிந்துவிட்டது. ரொக்கத்தை நீட்டுபவரைத் திருப்பி அனுப்ப ஒருவருக்கு உரிமை உண்டா என்பதே இப்போது தீர்க்க வேண்டிய வழக்கு. அத்தியாவசியமான இடங்களிலேனும் அந்த உரிமை யாருக்கும் இருக்கக் கூடாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கறுப்புப் பண வாதத்தை முதலில் பார்த்துவிடலாம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்தில் இருந்த பணமதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் முடங்கியது. பதுக்கியவர்களின் பணம் திரும்பாது என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. செல்லாததாக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 விழுக்காடு, வங்கிகளுக்கு வந்து சேர்ந்ததாக ரிசர்வ் வங்கியே 2018இல் கணக்குக் காட்டியது. ரொக்கமும் குறையவில்லை. அந்த நவம்பரில் 18 லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த புழக்கம் 2024 மார்ச்சில் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. இதே காலத்தில்தான் யூபிஐயும் வளர்ந்து, 2023 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. ஒன்று வளர மற்றொன்று தேயும் என்ற கணிப்பு இங்கே பலிக்கவில்லை. மக்கள் செலவழிக்க யூபிஐயையும் சேமித்து வைக்க ரொக்கத்தையும் பயன்படுத்துகிறார்கள் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

யூபிஐயின் நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. சில்லறைத் தகராறு குறைந்தது. கள்ளநோட்டு அச்சம் போனது. 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் பரிமாற்றக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதியால் டீக்கடைவரை அது சென்று சேர்ந்தது. ஆனால் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மதுரையில் கோயில் வாசலில் மல்லிகைச் சரம் விற்கும் ஓர் அம்மாவின் கூடையில் க்யூஆர் அட்டை ஒன்று நூலால் கட்டித் தொங்குகிறது. பூ வாங்கிய இளைஞர் "ஜிபே பண்ணிட்டேம்மா" என்று போனைத் திருப்பிக் காட்டுகிறார். அம்மா திரையைப் பார்க்காமல் பக்கத்து வளையல் கடையை நோக்கி, "சத்தம் வந்துச்சாப்பா?" என்று கேட்கிறார். அட்டை மகனுடைய கணக்குக்கு உரியது. பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி வளையல் கடைக்காரருடைய மேசையில். அந்தி சாய்வதற்குள் எவ்வளவு சேர்ந்தது என்பது மகன் வந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும். மடியில் முடிந்து வைத்த தாளை எண்ணிப் பார்க்க அவருக்கு யாருடைய தயவும் வேண்டியிருந்ததில்லை.

சிறுவாடு என்ற சொல்லை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் பெண்கள் ஒளித்துவைக்கும் பணம் அது. குடிக்கிற கணவனிடமிருந்து காத்த பணம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் நள்ளிரவு ஆஸ்பத்திரிச் செலவுக்கும் எடுத்த பணம். 2016இல் வரிசையில் நின்று அதை மாற்றியபோது எத்தனையோ வீடுகளில் அந்த ரகசியம் முதன்முறையாக உடைந்தது. ரொக்கத்தின் அந்தரங்கம் என்றால் வரி ஏய்ப்பவரின் மறைவிடம் என்றே பொருளியலாளர் பலர் எழுதுகிறார்கள். பெண்ணுக்கு அது பொருளாதாரத் தற்காப்பு. ஒரே போனைக் குடும்பமே பயன்படுத்தும் வீட்டில், குறுஞ்செய்தி வரும் கணக்கு சிறுவாட்டுக்கு மாற்றாகாது.

சட்டத்துக்கு வருவோம். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒவ்வொரு வங்கித்தாளும் இந்தியாவில் எந்த இடத்திலும் அதில் குறித்த தொகைக்குச் சட்டப்படி செல்லும் என்றும், அதற்கு மத்திய அரசு உத்தரவாதம் என்றும் சொல்கிறது. மறுப்பவருக்கு என்ன நேரும் என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஏற்பட்டுவிட்ட கடனைத் தீர்க்கவே இந்தத் தகுதி உதவும். விற்பனைக்கு முன்பே 'ரொக்கம் வாங்குவதில்லை' என்று பலகை மாட்டிவிட்டால் கடனே எழவில்லை என்று வாதிட இடம் இருக்கிறது. இதுபோன்ற ஓட்டையின் விளைவைத் தமிழ்நாடு நாணயத்தில் அனுபவித்தது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியைத் தீர்க்க, 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அதற்குப் பிறகும் கடையிலும் பேருந்திலும் அந்த நாணயத்தை நீட்டியவர்கள் பேச்சு வாங்கினார்கள். சட்டம் செல்லும் என்றது, சந்தை செல்லாது என்றது, வென்றது சந்தை.

அரசும் இதில் விலக்கல்ல. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல், ஃபாஸ்டேக் இல்லாமல் ரொக்கம் தருபவர் இரு மடங்கு கட்ட வேண்டும் என்று ஆனது. வரிசையைக் குறைக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் தானே உத்தரவாதம் தந்த நூறு ரூபாய்த் தாளை அரசின் சாலையில் ஐம்பதாக மதிப்பிடுவது கொள்கையளவில் தவறு என்பேன்.

ஐரோப்பாவில் முதன்முதலாக, 1661இல், வங்கித்தாளை வெளியிட்ட சுவீடன் இந்தப் பாதையில் நமக்கு வெகுதூரம் முன்னால் போனது. அங்கே ஒப்பந்தச் சுதந்திரத்தின் பேரில் கடைகள் ரொக்கத்தை மறுக்கலாம். முதியோரும் கிராமத்தினரும் ஒதுக்கப்படுவதை எதிர்த்து எழுந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர், தேசியக் காவல்துறையின் தலைவராகவும் இன்டர்போல் தலைவராகவும் இருந்த பியோர்ன் எரிக்சன். குற்றவாளிகளுக்குத்தான் ரொக்கம் வேண்டும் என்பவர்கள் அவருடைய பின்னணியைக் கவனிக்க வேண்டும். பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைக் கைவிடக் கூடாது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் 2019இல் சட்டம் இயற்றியது. பக்கத்து நார்வே 2024 அக்டோபர் முதல் கடையில் ரொக்கம் தரும் உரிமையை வலுப்படுத்தியது. நியூயார்க் நகரம் 2020இலேயே ரொக்கத்தை மறுக்கும் கடைகளுக்குத் தடை விதித்தது. போர், மின்தடை, இணையத் தாக்குதல் ஆகியவையும் இந்த மனமாற்றத்துக்குக் காரணம். நமக்கும் அந்த அனுபவம் உண்டு: 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் யூபிஐ பலமுறை தடைப்பட்டபோது, பையில் தாள் வைத்திருந்தவர்கள்தான் தடையின்றிப் பணம் கொடுத்தார்கள்.

ரொக்கத்தைக் காத்தால் வரி ஏய்ப்பு பெருகாதா என்ற மறுப்பு வலுவானது. அதற்கு விடை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2017 முதல் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ஒரே பரிமாற்றத்தில் ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. பெரிய தொகைகளின் மீதான கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கலாம். மருந்துக்கும் பேருந்துச் சீட்டுக்கும் கொடுக்கும் தாளில் கறுப்புப் பணத்தைத் தேடுவதால் பயன் இல்லை.

ஆகவே 26ஆம் பிரிவுக்கு ஒரு துணைவிதி வேண்டும். மருந்தகம், மருத்துவமனை, உணவு, பொதுப் போக்குவரத்து, ரேஷன், கல்விக் கட்டணம், அரசு அலுவலகம் ஆகிய இடங்களில் ஒரு வரம்புக்குள் ரொக்கத்தை மறுக்கவோ அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்கவோ கூடாது. மறுத்தால் அபராதம் என்று அது தெளிவாகச் சொல்ல வேண்டும். இதனால் யூபிஐக்கு எந்த இழப்பும் இல்லை. இந்தத் திருத்தத்தை நாடாளுமன்றத்தின் முன் வைக்க நம் உறுப்பினர்கள் முன்வர வேண்டும்.